மத்திய அரசுப் பதிவு என்று போர்டு வைத்த கடன் சங்கத்தில் பணம் போடும் முன்

பல மாநிலக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் கிளையில் அம்மா போட்ட டெபாசிட் முதிர்ந்து மாதக்கணக்காகிறது. அசலும் வரவில்லை, வட்டியும் வரவில்லை. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணம் அது. எங்கள் ஊரில் இன்னும் பலர் இதேபோல ரசீதோடு நிற்கிறார்கள். இப்படிப்பட்ட கிளைகள் மற்ற ஊர்களிலும் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

பணம் வாங்கும்போது மேனேஜர் சொன்னது: "டெல்லியில பதிவான சங்கம்மா. அரசாங்கமே கண்காணிக்குது. உங்க பணத்துக்கு என்ன பயம்?" சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. அது போலி இல்லை. 2002-ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி மத்தியப் பதிவாளர் கொடுத்ததுதான். ஆனால் சங்கம் முறைப்படி தொடங்கப்பட்டது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. நம் பணத்துக்கு அரசு பொறுப்பு என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

கூட்டுறவு வங்கி வேறு, கூட்டுறவுக் கடன் சங்கம் வேறு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும் நகரக் கூட்டுறவு வங்கியும் ரிசர்வ் வங்கியின் பிடியில் இருப்பவை. அங்கே ஒருவருடைய டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை அது 1 லட்சமாகத்தான் இருந்தது. கடன் சங்கத்துக்கு அந்தக் காப்பீடு இல்லவே இல்லை. சில சங்கங்கள் பெயரில் 'பேங்க்' என்று சேர்த்துக்கொள்கின்றன, பெயரளவு உறுப்பினர்களிடம் டெபாசிட் வாங்குகின்றன, இரண்டும் சட்டத்துக்குப் புறம்பு என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. அம்மாவின் பாஸ்புக் அட்டையில் கொட்டை எழுத்தில் 'பேங்க்' என்றுதான் இருக்கிறது.

அந்தப் 'பெயரளவு உறுப்பினர்' விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அம்மாவிடம் கையெழுத்து வாங்கிய படிவங்களில் ஒன்று இதற்கானது. சங்கம் உறுப்பினர்களுக்குச் சொந்தம் என்று பேச்சுக்குப் பேச்சு சொல்கிறார்கள். பெயரளவு உறுப்பினருக்கோ பங்கு கிடையாது, ஓட்டு கிடையாது, நிர்வாகத்தில் ஒரு வார்த்தை கேட்கும் உரிமையும் கிடையாது. பணம் மட்டும் அவருடையது. யாருக்குக் கடன் கொடுத்தார்கள், எவ்வளவு வாராக்கடன் என்று கேட்டால் "அது டைரக்டர் போர்டு விஷயம்" என்று முடித்துவிட்டார்கள். கூட்டுறவு என்பது ஊர்க்காரர்களின் சேமிப்பை வைத்து ஊருக்கே கடன் கொடுக்கும் நல்ல ஏற்பாடு. அதை இப்படிக் கெடுப்பதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது.

முதிர்வு தேதியில் போனபோது "சாஃப்ட்வேர் மாறுது" என்றார்கள். அப்புறம் "ஆடிட் நடக்குது". அப்புறம் மேனேஜரே மாறிவிட்டார். கூட்டுறவுத் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள்: "சார், இது தமிழ்நாட்டுச் சட்டத்துல வராது. எங்களால ஆடிட்கூட பண்ண முடியாது." உள்ளூர்த் தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் காப்பீடு கிடையாதுதான், ஆனால் அங்கே கேள்வி கேட்க மாவட்டத்திலேயே ஓர் அதிகாரி இருக்கிறார். இங்கே தலைமையகம் வேறு மாநிலத்தில், பதிவாளர் டெல்லியில்.

சஹாரா குழுமத்தின் நான்கு சங்கங்களும் இதே 2002 சட்டத்தில் பதிவானவைதான். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே 2023 ஜூலையில், அவற்றில் சிக்கிய டெபாசிட்தாரர்களுக்குப் பணம் திருப்பித் தருவதற்கான இணையதளம் திறந்தது. அதிலும் முதல் கட்டமாக ஒருவருக்கு 10,000 ரூபாய் வரைதான்.

2023-இல் சட்டத்தைத் திருத்திக் கூட்டுறவு ஒம்புட்ஸ்மேன் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். டெபாசிட் புகார்களை மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. அவருக்கும் மத்தியப் பதிவாளருக்கும் எழுதியிருக்கிறோம். பொருளாதாரக் குற்றப்பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறோம்.

எங்கேயாவது பணம் போடப் போகிறீர்கள் என்றால், ரிசர்வ் வங்கி உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் இணையதளத்தில் காப்பீடு உள்ள வங்கிகளின் பட்டியல் இருக்கிறது. பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அரை சதவீதம் வட்டி கூட என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு ஒன்று. இப்போது கிளையிலிருந்து போன் செய்து, "ஒரிஜினல் ரசீதைக் கொண்டுவாங்க, புதுப்பிச்சுத் தர்றோம்" என்கிறார்கள். கொடுக்காதீர்கள். நகலை மட்டும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வாங்குங்கள். புதுப்பித்தல் படிவம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.