டிவிடி பிளேயர்: பெட்டியில் உள்ள சொற்களும் வீட்டில் கிடைத்த பலனும்

திருகோணமலை மத்திய வீதியில் உள்ள மின்சாதனக் கடை ஒன்றில் அண்மையில் ஒரு டிவிடி பிளேயர் வாங்கினேன். அதன் விலை சாதாரண எல்இடி தொலைக்காட்சி ஒன்றின் விலையில் கால் பங்குகூட வராது. கைபேசியிலேயே படம் பார்க்கும் காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் பல வீடுகளின் அலுமாரிகளில் கனடாவிலும் இலண்டனிலும் சுவிஸிலும் நடந்த திருமணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், நடன அரங்கேற்றங்கள் எல்லாம் இறுவட்டுகளாகவே இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. எனவே இந்தக் கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆனால், அதன் பெட்டியைப் பார்த்து வாங்குவது இலகுவான காரியம் அல்ல. நான்கு பக்கமும் சின்னங்களும் எண்களும் நிறைந்திருக்கின்றன. பெரிய எழுத்தில் உள்ளவை பெரும்பாலும் எமக்கு வேண்டாதவை. வேண்டியவை அடிப்பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கின்றன என்பதே இந்தப் பிளேயரைப் பயன்படுத்திய பின் நான் கண்டது.

முதலில் கவனிக்க வேண்டியது வலய எண். டிவிடி விற்பனைக்காக உலக நாடுகளை ஆறு வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இலங்கையும் இந்தியாவும் 5ஆம் வலயம். கனடாவும் அமெரிக்காவும் 1. மேற்கு ஐரோப்பாவும் வளைகுடா நாடுகளும் 2. பூகோளப் படம் ஒன்றினுள் ஓர் எண்ணாக இது பெட்டியிலும் கருவியின் முதுகிலும் அச்சிடப்பட்டிருக்கும். ரொறன்ரோவில் கடையில் வாங்கிய திரைப்பட இறுவட்டு, 5ஆம் வலயத்துக்கு மட்டும் என்று பூட்டப்பட்ட பிளேயரில் ஓடாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் வளைகுடாவிலிருந்து பிளேயரையே கொண்டு வந்தவர்களுக்கு இதே சிக்கல் மறுபக்கமாக வரும். விற்பனையாளர் “எந்த சிடியும் பாடும் சேர்” என்றார். அந்தச் சொல்லை நம்பியிருக்கத் தேவையில்லாதபடி, நான் கொண்டுபோன 1ஆம் வலய இறுவட்டைக் கடையிலேயே போட்டுக் காட்டவும் செய்தார், ஓடியது. வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்க விடாத கடையில் பிளேயர் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. திருமண வீடியோ போன்று வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பதிவு செய்த இறுவட்டுகளுக்குப் பொதுவாக வலயப் பூட்டு இருப்பதில்லை.

வலயம் சரியாக இருந்தும் படம் சரியாக வராமல் போவதற்குக் காரணம் நிறமுறை, அதாவது படத்தையும் நிறத்தையும் தொலைக்காட்சிக்குக் குறித்து அனுப்பும் முறை. இலங்கையில் பிஏஎல், வட அமெரிக்காவில் என்டிஎஸ்சி. பிஏஎல் டிவிடியில் ஒரு படச்சட்டம் 720க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 சட்டங்கள். என்டிஎஸ்சியில் 720க்கு 480 புள்ளிகள், வினாடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள். வலயப் பூட்டு இல்லாத கனடாத் திருமண இறுவட்டும் என்டிஎஸ்சி முறையிலேயே இருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய பெட்டித் தொலைக்காட்சிகள் சிலவற்றில் இத்தகைய இறுவட்டு கறுப்பு வெள்ளையாகத் தெரியும் அல்லது படம் மேல்நோக்கி உருண்டுகொண்டே போகும். இறுவட்டு பழுது என்று எண்ணி எறிந்துவிடுவோரும் உண்டு. நான் வாங்கிய பிளேயரின் அமைப்புப் பட்டியலில் டிவி வகை என்ற இடத்தில் தொழிற்சாலையிலேயே பிஏஎல் என்று வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த நிலையில் ரொறன்ரோத் திருமணம் ஒன்றைப் போட்டபோது, கமெரா மணவறையிலிருந்து விருந்தினர் பக்கம் மெதுவாகத் திரும்பும் இடத்தில் படம் வழுக்கிக்கொண்டு போகாமல் சிறு சிறு தத்தல்களாக நகர்ந்தது. வினாடிக்கு 30 சட்டங்களை 25க்குள் அடக்க, ஆறில் ஒன்றை எறிந்துவிட வேண்டியிருப்பதே காரணம். அந்த அமைப்பை ஓட்டோ என்று மாற்றியதும் தத்தல் நின்றது. இன்றைய எல்இடி தொலைக்காட்சிகள் பெரும்பாலும் இரண்டு முறைகளையும் ஏற்பதால், மாற்றம் செய்யும் வேலையைப் பிளேயரிடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

இங்கே இசைப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படுவது. அதை பிஏஎல் இறுவட்டாக்கும்போது பொதுவாக வினாடிக்கு 25 சட்டங்களாக ஓட்டிவிடுகிறார்கள். அதனால் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது. இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிந்துவிடும். அது பெரிய இழப்பல்ல. ஆனால், சுருதியைத் தனியாகத் திருத்தாமல் விட்டால் பாடல்களும் உயர்ந்துவிடுகின்றன. ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம். ஒரே பாடலை இசைத்தட்டிலும் படத்தின் டிவிடியிலும் கேட்டு, பாடகரின் குரல் ஏன் மெலிந்திருக்கிறது என்று குழம்பியவர்கள் கருவியைக் குறை கூற வேண்டாம். எந்தப் பிளேயரை வாங்கினாலும் இது மாறாது.

பின்பக்கத் துளைகளுக்கு வருவோம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. மஞ்சள் ஒன்றே படத்துக்கு. ஒளியின் அளவும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து செல்வதால், பட்டுச் சேலையின் சரிகைக் கரை போன்ற நுண்ணிய கோடுகளின் விளிம்பில் இல்லாத நிறப்புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். பச்சை, நீலம், சிவப்பு என்ற மூன்று துளைகள் இருந்தால் அது கொம்பொனன்ட் இணைப்பு. ஒளியையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்புவதால் அந்தப் புள்ளிகள் மறைகின்றன. எச்டிஎம்ஐ, படத்தையும் ஒலியையும் எண்முறையிலேயே ஒரே கேபிளில் அனுப்புகிறது. தொலைக்காட்சியில் அந்தத் துளை இருந்தால் மற்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. இந்தப் பிளேயரில் எச்டிஎம்ஐ உண்டு. கேபிள்தான் பெட்டிக்குள் இல்லை, தனியாக வாங்க வேண்டும்.

பெட்டியின் முன்பக்கத்தில் மிகப் பெரிதாக அச்சிட்டிருப்பது 1080 என்ற எண், அதாவது திரையில் மேலிருந்து கீழாக உள்ள புள்ளி வரிசைகளின் எண்ணிக்கை. டிவிடியில் இருப்பதோ ஒரு சட்டத்துக்கு நான்கு இலட்சத்துப் பதினையாயிரம் புள்ளிகள் வரைதான். 1080 திரையில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். எனவே, திரையில் தெரியும் ஐந்து புள்ளிகளில் நான்கு கணக்குப் போட்டு இட்டு நிரப்பப்படுபவை. இதையே அப்ஸ்கேலிங் என்கிறார்கள். தொலைக்காட்சியும் இந்த வேலையைச் செய்யக்கூடியதுதான். பிளேயரை 576இல் விட்டும் 1080இல் வைத்தும் பார்த்தேன். எழுத்தோட்டத்தின் விளிம்புகள் சற்று மென்மையானதைத் தவிர வேறு மாற்றம் எனக்குத் தெரியவில்லை. இந்த எண்ணுக்காக ஒரு ரூபாவும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஒலியை வினாடிக்கு எத்தனை முறை, எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறார்கள் என்பதைக் குறிக்கும் 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்ற எண்களும் அப்படியே. இசை சிடியில் இருப்பது 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட். அதற்கு மேல் எதையும் பிளேயர் புதிதாகப் படைத்துவிடாது.

ஒலி பற்றிய சின்னங்களில் ஒன்று மட்டும் ஏமாற்றக்கூடியது. டிடிஎஸ் என்பது, டொல்பி டிஜிட்டல் போல, பல ஸ்பீக்கர்களுக்கான ஒலியைச் சுருக்கிப் பதியும் ஒரு முறை. டிடிஎஸ் டிஜிட்டல் அவுட் என்று இருந்தால், அந்த ஒலியைப் பிரித்தெடுக்கும் திறன் பிளேயருக்கு இருக்கிறது என்று பொருளல்ல. ஒலியைப் பிரிக்காமல் அப்படியே வெளியே அனுப்பும், பிரிக்கும் ஆம்பிளிபயர் உங்களிடம் இருக்க வேண்டும். இந்தப் பிளேயர் அந்த வகை. டிடிஎஸ் தடத்தைத் தெரிவு செய்தால் தொலைக்காட்சியில் படம் ஓடும், சத்தம் வராது. ரிமோட்டில் ஓடியோ பொத்தானை அழுத்தி டொல்பி டிஜிட்டல் தடத்துக்கு மாறினால் சரியாகிவிடும். அமைப்புப் பட்டியலில் பிட்ஸ்ட்ரீம், பிசிஎம் என்ற இரண்டில் ஒன்றைக் கேட்கும் இடமும் இதைச் சார்ந்ததே: பிரித்தெடுக்கும் ஆம்பிளிபயர் இருப்பவர்கள் முதலாவதையும், தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர்கள் இரண்டாவதையும் வைத்துக்கொள்ளலாம். 5.1 என்பது ஐந்து ஸ்பீக்கர்களும் ஆழ்ந்த ஒலிக்கென ஓர் வூஃபரும் சேர்ந்த கணக்கு. தொலைக்காட்சியில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர்களே. ஆறு தடங்களையும் அவற்றுக்குள் ஒடுக்கும்போது சண்டைக் காட்சி இடியாகவும் வசனம் முணுமுணுப்பாகவும் கேட்பதுண்டு. டைனமிக் ரேஞ்ச் என்ற அமைப்பைக் கூட்டி வைத்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் படம் பார்க்கும் வீடுகளுக்கு, இந்தப் பிளேயரில் உள்ள மிகப் பயனுள்ள வசதி இதுவே. பெட்டியில் எங்கும் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஸ்பீக்கர் தொகுதியும் சேர்த்து வாங்குவோர், கண நேர உச்சத்தைக் காட்டும் பிஎம்பிஓ என்று அச்சிட்ட ஆயிரக்கணக்கான வாட் எண்ணை விட்டுவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய சக்தியைக் காட்டும் ஆர்எம்எஸ் அளவை மட்டும் பார்க்கவும்.

யுஎஸ்பி துளை இருக்கிறது, அளவோடுதான் உதவும். எஃப்ஏடி32 முறையில் அமைத்த பென்டிரைவையே படிக்கிறது; அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வைக்க முடியாது. எம்பி3 பாடல்களும் பழைய டிவ்எக்ஸ் படங்களும் ஓடின. எம்கேவி கோப்புகள் ஓடவில்லை. பாடற்பெயர்கள் தமிழில் இருந்தால் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் விற்கும் கருவியின் கைநூலிலும் தமிழ் இல்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறேன்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, முதுகில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினேன். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பிளேயர்களில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், அவற்றை இங்குள்ள 230 வோல்ட்டில் நேரே சொருகக் கூடாது. அடப்டர் பிளக்கின் கால்களை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தை மாற்றாது. உப்புவெளி, நிலாவெளி போன்று கடற்கரையை அண்டிய வீடுகளில் இன்னொரு கவனமும் தேவை: உப்புக் காற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கேபிள்களின் முனைகள் பச்சை பிடித்துவிடும். ஒலியில் கரகரப்பு வந்தால் பழுதுபார்ப்பவரிடம் போகுமுன் அவற்றைக் கழற்றித் துடைத்துப் பார்க்கலாம். கடைக்காரர் தந்த ஒரு வருட உத்தரவாத அட்டையில் லென்ஸுக்கு உத்தரவாதம் இல்லை. டிவிடி பிளேயரில் முதலில் சோர்ந்துபோகக்கூடிய பகுதி எதுவோ அதையே விலக்கிவிட்டுத் தரும் உத்தரவாதத்தை நான் பெரிதாக மதிக்கவில்லை. கேட்டபோது கொழும்பிலிருந்து வரும் அட்டை அப்படித்தான் என்றார்கள்.

புளூ-ரே இறுவட்டுகள் வைத்திருப்பவர்கள் இதை வாங்கிப் பயனில்லை. டிவிடியை 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் படிக்கிறது. புளூ-ரேயில் தடங்கள் மிக நெருக்கமாக இருப்பதால் 405 நனோமீற்றர் நீல ஊதா லேசர் வேண்டும். ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி கொள்ள, அதே அளவு தட்டில் புளூ-ரே 25 ஜிபி கொள்வது அதனால்தான். புளூ-ரே பிளேயர் டிவிடியையும் ஓட்டும் என்பதால், பழையது ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அதையே வாங்கலாம். ஆனால், அதில் இரண்டு பூட்டுகள் உண்டு: புளூ-ரேக்கு ஏ, பி, சி என்ற வலயங்கள், அவற்றில் இலங்கை சி, டிவிடிக்கு மேலே சொன்ன எண்கள் தனி. இலண்டனிலிருந்து வந்த புளூ-ரே பிளேயர் பி வலயத்துக்கும் 2ஆம் எண்ணுக்கும் உரியதாக இருக்கும். வாங்கப் போகும்போது கையில் ஒரு திருமண இறுவட்டு, இங்கே கடையில் வாங்கிய டிவிடி ஒன்று, வைத்திருந்தால் ஒரு புளூ-ரே என்று கொண்டுபோய், ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்த பிறகே காசைக் கொடுக்கவும்.