ஷீட் கூரை அறை: சில கோடைகளைக் கடந்த பிறகு எது நிற்கிறது?

மொட்டை மாடியில் கலர் கோட்டிங் ஷீட் போட்டு எழுப்பிய அறைகளில், சித்திரை மதியத்தில் ஷீட்டின் சூடு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அது பெரும்பாலும் கதிர்வீச்சாகவே கீழே இறங்குகிறது. எனவே முதல் செலவு பபிள் ஃபாயிலுக்குத்தான் (காற்றுக்குமிழிகள் கொண்ட பளபளப்பான தாள்), டர்போ ஃபேனுக்கு (கூரை மேல் காற்றில் தானே சுழன்று சூட்டை வெளியேற்றும் விசிறி) அல்ல.

ஃபாயிலை ஷீட்டோடு ஒட்டினால் அதன் மேல்பக்கம் வீண். பர்லினுக்கு (ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பி) அடியில் கட்டி, குறைந்தது 25 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஒருபக்கம் மட்டும் பளபளப்பு என்றால் அது கீழ்நோக்கி இருக்கட்டும். மேலே பார்த்தபடி ஃபால்ஸ் சீலிங் மீது விரித்த ஃபாயிலில் தூசி படியப் படியப் பலன் போய்விடும். இன்னொன்று, வெப்பமானித் துப்பாக்கியைப் பளபளப்பான ஃபாயிலில் காட்டினால் பொய்க்கணக்குதான் வரும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி அதில் அளக்க வேண்டும். விற்பவர்கள் காட்டும் 'டெமோ' பலவற்றின் சூட்சுமம் இதுதான்.

டர்போ ஃபேன் சூட்டை இழுக்க, கீழிருந்து காற்று நுழைய வழி வேண்டும். 20-க்கு 15 அடி அறைக்கு, பரப்பில் 150-இல் ஒரு பங்கு என்ற கணக்கில் மொத்தம் 2 சதுர அடி திறப்பு. அதில் பாதி கூரையின் தாழ்ந்த ஓரத்தில், ஃபாயிலுக்கு மேலுள்ள இடைவெளிக்குக் காற்று போகும்படி. வலையும் லூவரும் கணிசமாக அடைத்துக்கொள்ளும் என்பதால் ஓட்டையைப் பெரிதாகவே வெட்டுங்கள். அணில் நுழையாதபடி அரை அங்குல வெல்ட் மெஷ் அடிப்பது கட்டாயம். இந்த வழி இல்லாவிட்டால் டர்போ ஃபேன், சீலிங்கின் லைட் ஓட்டைகள் வழியே அறையின் ஏசி குளிரைத்தான் உறிஞ்சும்.

சீலிங் மீது 50 மி.மீ. ராக்வூல் (பாறை இழையாலான வெப்பத்தடுப்புப் பஞ்சு) நன்றாக உழைக்கிறது, நனையாத வரை. ஷீட் ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர்கள் வெயிலில் விறைத்து வெடிக்கும். ஐப்பசி மழை அதன் வழியே சொட்டி, ராக்வூல் ஊறி, ஜிப்சம் போர்டில் மஞ்சள் வட்டம் விழும். இன்சுலேஷன் போடும் முன்பே வெயிலைத் தாங்கும் ஈபிடிஎம் ரப்பர் வாஷருக்கு மாற்றிவிடுவது மலிவு. எல்இடி லைட்டின் டிரைவரை (அதற்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி) ராக்வூலால் மூடாதீர்கள், சீக்கிரம் போய்விடும். வயர்கள் பைப்புக்குள்தான் போக வேண்டும், ஏனென்றால் ஃபாயில் மின்சாரத்தைக் கடத்தும்.

தெர்மோகோல் வேண்டாம். எலி குடையும், தீப்பிடித்தால் உருகி எரியும்.

டர்போ ஃபேனின் அடித்தகட்டைச் சுற்றிய சிலிக்கானை ஆண்டுதோறும் புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள். பேரிங் கிறீச்சிட்டால் எண்ணெய் தற்காலிகம்தான், பேரிங்கையே மாற்ற வேண்டும்.