முடியும், தெரியும், வரும்: மூன்றுக்கும் ஒரே ‘கேன்’

ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். போன மே மாதம், மலர்க் கண்காட்சி சமயத்தில், பெங்களூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஐம்பது பேர் உட்காரும் பஸ் உங்கள் வாசல் வரை வருமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் சந்தில் ஜீப் திரும்புவதே கஷ்டம். ‘கேன்ட் கம் சார்’ என்றேன். கடைசி ‘ட்’ அடுத்த ‘க’வோடு கரைந்து, அவர் காதில் ‘கேன் கம்’ என்று விழுந்திருக்கிறது. வயதானவர்கள் உட்பட எல்லாரும் ஏரிப் பக்கம் இறங்கி, பெட்டிகளை ஜீப்பில் ஏற்றி வந்து சேர மதியமாகிவிட்டது. அந்த ஒரு ‘ட்’டுக்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

சேலம் அஸ்தம்பட்டியில், ஒரு மாடியில் நடக்கும் பேச்சு ஆங்கில வகுப்பு. எட்டு ஞாயிற்றுக்கிழமை, 3,200 ரூபாய். இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் போய், சாயங்காலம் திரும்ப ஏற வேண்டும். அந்த அலைச்சலுக்குத் தகுந்த வகுப்பா என்றால், ஆமாம், முதல் மூன்று வாரத்துக்காகவே தகும்.

சார் இலக்கணப் பெயர் எதுவும் சொல்லாமல் தமிழிலிருந்து தொடங்கினார். ‘எனக்கு நீச்சல் தெரியும்’, ‘எனக்குப் பாட வரும்’, ‘என்னால் தூக்க முடியும்’ என்று பலகையில் எழுதினார். நாம் கற்றதற்குத் தெரியும், கைவந்ததற்கு வரும், தெம்புக்கு முடியும் என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் மூன்று இடத்திலும் ‘கேன்’ போதும். அடுத்து ‘எனக்கு முடியல’ என்று எழுதி, ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். பாதிப் பேர் ‘ஐ கான்ட்’ என்றோம். உடம்புக்கு முடியவில்லை என்றால் அங்கே ‘கேன்’ பேச்சே வராது, ‘ஐ ஆம் நாட் வெல்’தான். தமிழ் வாக்கியத்தை அப்படியே கொண்டுபோனால் எங்கே இடறும் என்று அன்றைக்கு விளங்கியது.

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் ‘ஐ கேன் ஏபிள் டு டெலிவர்’ என்றார். நானும் அப்படித்தான் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். ‘கேன்’ என்றாலும் முடியும், ‘ஏபிள் டு’ என்றாலும் முடியும். ‘என்னால் முடிய முடியும்’ என்று தமிழில் சொல்வீர்களா தம்பி என்று சார் கேட்டார். ‘வில்’ வந்துவிட்டால் மட்டும் பக்கத்தில் ‘கேன்’ உட்காராது. அங்கே ‘வில் பீ ஏபிள் டு’ என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம் காதுக்கான பாடம். நாம் ‘கேன்’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் வாக்கியத்தின் நடுவில் அதை ‘க்ன்’ என்று விழுங்கிவிட்டு, அடுத்த வினைச்சொல்லில் அழுத்துகிறார்கள். ‘கான்ட்’ என்றால் அழுத்தம் அதன் மேலேயே நிற்கிறது. அமெரிக்கர்கள் ‘கேன்ட்’ என்றே சொல்வதாலும், பல சமயம் ‘ட்’ வெளியே வராததாலும், அழுத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சார் எங்களைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வைத்து, முடியும் என்று கேட்டால் வலது கையையும் முடியாது என்று கேட்டால் இடது கையையும் தூக்கச் சொன்னார். முதல் பத்தில் எனக்கு நாலுதான் சரி. மணியடிக்கும் நேரத்தில் ஒன்பது. போனில் சந்தேகமே வேண்டாம் என்றால் ‘கேன்னாட்’ என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள் என்றார். இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

குறையும் உண்டு. ‘கேன்’ இறந்த காலத்தில் ‘குட்’ (could) ஆவதை ஒரே வகுப்பில் ஓட்டிவிட்டார்கள். சின்ன வயதில் மரம் ஏற வரும் என்பதற்கு ‘குட்’ சரி. நேற்று ஒருநாள் மழையில் வண்டியை மேலே கொண்டுவர முடிந்தது என்றால் ‘வாஸ் ஏபிள் டு’. முடியவில்லை என்றால் இரண்டுக்கும் ‘குடன்ட்’ பொருந்தும். இதை நான் தனியே உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது; சார் இன்னொரு வாரம் ஒதுக்கியிருக்கலாம். இருபத்திரண்டு பேர் என்பதால் ஒரு வகுப்பில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் வாய்ப்பு வருவதில்லை. நகல் எடுத்துக் கொடுத்த தாள்களும் மங்கல்.

போன வாரம் ஒரு குடும்பம் ராத்திரி பத்து மணிக்கு வருகிறோம், சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டார்கள். ‘வீ கேன்னாட் குக் ஆஃப்டர் நைன், வீ கேன் கீப் சப்பாத்தி’ என்றேன். திருப்பிக் கேட்காமல் சரி என்றார்கள். வந்தபோது ஹாட் பாக்ஸில் சப்பாத்தி சூடாக இருந்தது.

சேருகிறவர்கள் முன்வரிசையைப் பிடியுங்கள். மாடிக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு ‘கான்ட்’டில் இருக்கும் ‘ட்’ கேட்காது.