நானே தைத்த ஹாட் ஏர் பலூன்: ஐந்து வருடம், 74 பறப்பு

ஹாட் ஏர் பலூன் என்றதும் ஆறேழு பேர் நிற்கிற பிரம்புக் கூடைதான் நினைவுக்கு வரும். பொங்கல் சமயத்தில் பொள்ளாச்சி பலூன் திருவிழாவுக்குப் போனவர்கள் அதைத்தான் பார்த்திருப்பீர்கள். என்னுடையதில் கூடையே கிடையாது. முதுகுக்குப் பின்னால் ஒரு கேஸ் சிலிண்டர், தலைக்கு மேல் பர்னர், இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் பட்டை, கால் இரண்டும் அந்தரத்தில். ஓர் ஆளுக்கு மேல் ஏற முடியாது. இதற்கு 'ஹாப்பர்' என்று பெயர். மேலே இருக்கும் துணி உறையை நானும் அம்மாவும் தைத்தோம். 2020 செப்டம்பரில் முதல் பறப்பு. இதுவரை 74 முறை, மொத்தம் 38 மணி நேரம். "வீட்டிலேயே செய்ய முடியுமா, காரில் போட்டுக்கொண்டு போகலாமா" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

செய்யலாம், காரிலும் போடலாம். எடையைக் குறைப்பதும் நினைத்த அளவு கஷ்டமில்லை. எந்த இடத்தில் குறைக்கக் கூடாது என்பதைத்தான் நான் காசும் பயமும் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், வெர்மாண்ட் மாநிலத்துக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் நடுவே கனெக்டிகட் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில். வீட்டில் பலூன் செய்பவர்களுக்கு இது ஒரு வகையில் தாய்வீடு. இங்கே போஸ்ட் மில்ஸ் என்ற ஊரில் ஒரு புல்தரை விமானத்தளம் உண்டு. பிரையன் போலந்து என்பவர் அங்கேயே வாழ்ந்து, குறைந்த எடையில் விதவிதமான பலூன்களைத் தைத்துத் தள்ளினார். வேண்டாத பலகைகளைச் சேர்த்து ஆணியடித்து ஒரு பெரிய டைனோசரையும் அந்தத் தளத்தில் நிறுத்தினார். 2021 ஜூலையில், தன் பலூனிலிருந்தே விழுந்து இறந்துபோனார். ஆயுசு முழுக்கப் பறந்த மனிதர். அந்தச் செய்தி வந்த பிறகு இரண்டு மாதம் நான் என் பலூன் மூட்டையைத் தொடவில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 'பார்ட் 103' என்ற விதியின்படி, எஞ்சின் இல்லாத, ஒருவர் மட்டும் பொழுதுபோக்குக்காகப் பறக்கும் சாதனம் 155 பவுண்டுக்குள், அதாவது ஏறக்குறைய 70 கிலோவுக்குள் இருந்தால் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். பகலில் மட்டும் பறக்கலாம். ஊருக்கு மேலே பறக்கக் கூடாது. உரிமம் தேவையில்லையே என்று நான் நேராக ஏறி உட்காரவில்லை. கூடை பலூனில் முறையாகப் பாடம் கற்ற பிறகுதான் இதில் கை வைத்தேன். இந்தியாவில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். அங்கே டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் வாசலைத் தாண்டித்தான் வானம்.

என் கணக்கு இது. உறை 600 கன மீட்டர், முதலில் தைத்தபோது எடை 24.5 கிலோ. பர்னர், சட்டம், ஹார்னஸ் சேர்த்து 11 கிலோ. காலி சிலிண்டர் 9. ஆக 44.5 கிலோ. அதில் 10 கிலோ புரொப்பேன், 72 கிலோ நான். எல்லாம் சேர்த்து 127 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் 211 கிராம் தூக்கினால் போதும். வெளியே 10 டிகிரி இருக்கும் காலையில், உறைக்குள் சராசரியாக 70 டிகிரி சூடு இருந்தாலே தரையை விட்டுக் கிளம்பிவிடும். மைனஸ் 10-இல் வெறும் 40 டிகிரி. அதே பலூனுக்கு 28 டிகிரி வெயில் மாலையில் 96 டிகிரி வேண்டும். நைலான் உறைக்கு 120 டிகிரிக்கு மேல் கூடாது என்பது பொதுக் கணக்கு. உச்சியில் சராசரியைவிடச் சூடு அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கோடையில் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். நான் ஜூலை, ஆகஸ்டில் பறப்பதையே விட்டுவிட்டேன்.

சரி, தையலுக்கு வருவோம்.

சதுர மீட்டருக்கு 45 கிராம் எடையுள்ள, கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் நைலான், ஒன்றரை மீட்டர் அகலம். ஆரஞ்சுப் பழத்துச் சுளை மாதிரி 24 சுளைகள். உச்சியிலிருந்து வாய் வரை ஒவ்வொன்றும் 15 மீட்டருக்குமேல். பார்க்க எளிதாகத்தான் இருக்கும். சுளைக்கும் சுளைக்கும் நடுவே போடும் தையல் மட்டும் கிட்டத்தட்ட 400 மீட்டர். ஜீன்ஸ் பேண்ட்டின் கால் பக்கத்தில் பார்த்திருப்பீர்களே, இரண்டு ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, மேலே இரட்டைத் தையல் ஓடும், அதேதான். அதற்குள் வைத்து ஒரு நாடாவும் ஓட வேண்டும். பாரத்தைத் தாங்குவது அந்த நாடா. துணி காற்றைப் பிடித்து வைப்பதோடு சரி.

அம்மா 2020 ஜனவரியில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தார். கொரோனா வந்து விமானம் நின்றது. ஈரோட்டில் முப்பது வருடம் ஜாக்கெட் தைத்தவர், சும்மா இருப்பாரா? கேரேஜுக்குள் வந்து ஒரு நிமிடம் பார்த்தார். "என்ன கண்ணு, கல்யாணப் பந்தலா தைக்கறே?"

நான் அப்போது முதல் இரண்டு சுளைகளை இணைத்து முடித்திருந்தேன். மேலே சரியாகத் தொடங்கியது, கீழே வந்தபோது ஒரு துணி மற்றதைவிட 11 சென்டிமீட்டர் நீளமாகத் தொங்கியது. இந்தத் துணி கெண்டைமீன் மாதிரி வழுக்கும். மிஷின் பல் கீழ்த்துணியை இழுக்கும், மேல்துணி பின்தங்கும். அங்குலத்துக்கு ஒரு இழை தள்ளிப்போனாலே 15 மீட்டரில் இந்த நிலைமை. அம்மா எதுவும் சொல்லாமல் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து வெள்ளை பென்சிலை எடுத்தார். இரண்டு துணியிலும் அரை மீட்டருக்கு ஒரு குறி. "குறியும் குறியும் சேரணும். சேரலைன்னா அங்கயே நிறுத்து, மேல ஓட்டாதே." அவ்வளவுதான் வித்தை. பிரித்துத் திரும்பத் தைத்தால் ஆகாது, ஊசி போன ஓட்டையெல்லாம் அப்படியே நிற்கும், காற்று ஒழுகும் என்பதும் அந்த முதல் சுளையில் தெரிந்தது. அந்தச் சுளையைத் தூக்கிப் போட்டேன். பிள்ளைகள் அதில் பட்டம் செய்தார்கள்.

பழைய இரட்டை ஊசி மிஷின் ஒன்றை 700 டாலருக்கு வாங்கியதுதான் இந்த வேலையில் நான் செய்த புத்திசாலித்தனம். வீட்டு மிஷினில் ஒவ்வொரு தையலையும் இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கும். எல்லாம் முடிய பதினொரு வாரம். உச்சியில் பாராசூட் மாதிரி ஒரு வட்டத் துணி. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே அதை மூடி வைக்கும், சிவப்புக் கயிற்றை இழுத்தால் திறந்து சூடு வெளியேறும். அதையும் அம்மாதான் தைத்தார். வட்டத்தை வெட்டித் தைப்பதில் என்னை நம்பவில்லை.

பர்னரை நான் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன். புரொப்பேன் திரவமாக வந்து, சுருள் குழாயில் சூடாகி ஆவியாகி எரிகிற சமாச்சாரம் அது; தலைக்கு ஒரு முழம் மேலே இருக்கிறது. முறையாகச் சான்று பெற்ற பழைய பர்னரை 1,300 டாலருக்கு வாங்கி, ஹோஸையும் வால்வின் ரப்பர் வளையங்களையும் புதிதாக மாற்றினேன். துணி 1,900, சிலிண்டரும் ஹோஸும் 450, ஹார்னஸ், நாடா, நூல், உறையில் காற்று நிரப்பும் ஃபேன் எல்லாம் 900. மிஷினையும் சேர்த்து 5,250 டாலர்.

எடை குறைக்கக் கூடாத இடத்தில் குறைத்தது வாய்ப்பகுதியில். வழக்கமாக உறையின் வாயில் தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணியில் பாவாடை மாதிரி ஒரு சுற்று வைப்பார்கள். ஒன்றரை கிலோ மிச்சமாகிறதே என்று நான் அங்கும் நைலானையே வைத்தேன். 2021 மே மாதம், உறையைத் தரையில் விரித்துக் காற்று நிரப்பி, பர்னரைத் திறந்த நொடியில் பக்கவாட்டிலிருந்து ஒரு வீச்சு. வாய் மடிந்து தீக்கு முன்னால் வந்தது. தீப்பிடிக்கவில்லை, நைலான் உருகிச் சுருங்கியது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் பாசிமணி கோத்த மாதிரி உருண்டு கெட்டித்திருந்தது. தரையில் நடந்ததால் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரமே 120 டாலருக்கு நோமெக்ஸ் வாங்கினேன். உறையின் எடை 26 கிலோ ஆனது. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இரண்டாவது, உச்சிப் பகுதி. மேல் மூன்றில் ஒரு பங்குதான் அதிகச் சூட்டில் வேகும். அங்கேயும் அதே மெல்லிய துணி, அதே பாலியூரித்தேன் பூச்சு. துணியை உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள்: புதிதில் ஒரு துளி மூச்சுகூட மறுபக்கம் போகாது. மூன்றாவது வருடம் உச்சித் துணியில் ஊதினால் மறுபக்கம் வைத்த கையில் காற்று பட்டது. எரிபொருளிலும் அது தெரிந்தது. முதல் வருடம் 10 கிலோவில் 45 நிமிடம் பறந்தேன். 2023-இல் அதே குளிரில் 32 நிமிடம். துணியை ஒரு அங்குலக் கவ்வியில் பிடித்து, தராசு மாட்டி 30 பவுண்டு வரை இழுத்துப் பார்க்கும் வழக்கம் இங்கே உண்டு. கிழியவில்லை, ஆனாலும் மேல் பகுதியை முழுக்கக் கழற்றி, சிலிக்கான் பூசிய கனமான துணியில் மாற்றித் தைத்தேன். 380 டாலர், மூன்று வாரம். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

காரில் கொண்டுபோவதைப் பற்றி. எங்களுடைய ஹேட்ச்பேக் காரின் பின்பக்கத்தில் எல்லாம் அடங்கும். உறை மட்டும் போர்வை வியாபாரி தலையில் சுமந்து வருவாரே, அந்த மூட்டை அளவு. ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு இரண்டு வயல் நடந்திருக்கிறேன். கூடை பலூனில் இது நடக்கவே நடக்காது. ஆனால் தரையில் துணைக்கு ஆளில்லாமல் சுலபமாகப் பறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காற்று நிரப்பும்போது வாயை விரித்துப் பிடிக்க ஒருவர், உச்சிக் கயிற்றைப் பிடிக்க ஒருவர், அப்புறம் நான் எங்கே இறங்கினேன் என்று காரில் தேடி வர ஒருவர். அந்த மூன்றாமவர் என் மனைவி. 74 தடவையில் 60 தடவையாவது வந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து வருவதற்கு இன்னும் என்ன கைம்மாறு செய்வது என்று தெரியவில்லை. எடையை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஃபேனுக்குப் பதிலாக இலை தள்ளும் பேட்டரி ஊதியை ஒரு முறை வைத்துப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம், இரண்டு பேட்டரி, உறை பாதிதான் எழுந்தது, அதற்குள் வெயில் ஏறிக் காற்றும் கிளம்பிவிட்டது. பெட்ரோல் ஃபேனே சரி.

யாரும் சொல்லாத வேலை, காய வைப்பது. விடியற்காலைப் புல்லில் விரித்தால் பனி ஊறி ஆறேழு கிலோ கூடிவிடும். அப்படியே மூட்டை கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அரை மணி நேரம் பறந்ததற்கு அரை நாள் வீட்டுக்கூடத்தில் துணி காயும். விருந்தாளி வந்தால் அதைத் தாண்டித்தான் சோபாவுக்குப் போக வேண்டும்.

பறப்பது எப்படி இருக்கும்? காற்றோடே போவதால் முகத்தில் காற்றே அடிக்காது. பர்னரை மூடினால் கீழே நாய் குரைப்பதும், யாரோ லாரிக் கதவைச் சாத்துவதும் பக்கத்தில் கேட்பது போலக் கேட்கும். மார்ச் மாதம் இங்கே மேப்பிள் மரத்துப் பாலைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகைகளின் கூரையிலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பும். தரைக்காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று அதைவிடத் தெளிவாகக் காட்ட எந்தக் கருவியும் என்னிடம் இல்லை. குளிரில் சிலிண்டர் அழுத்தம் குறைந்து தீ சோம்பலாக எரியும். அழுத்தத்தைக் கூட்டச் சிலிண்டருக்குள் கொஞ்சம் நைட்ரஜன் ஏற்றிக்கொள்கிறேன்.

இறங்குவதற்குச் சக்கரம், கூடை எல்லாம் நம் முழங்கால்தான். மணிக்கு பத்து கிலோமீட்டருக்கு மேல் காற்று இருந்தால் நான் மூட்டையைப் பிரிக்கவே மாட்டேன். பலூன் தன் இஷ்டத்துக்குச் சுழலும். முதுகைக் காட்டிக்கொண்டு வைக்கோல் காட்டில் நாற்பது மீட்டர் இழுபட்டிருக்கிறேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் மின்கம்பிதான். 2022 அக்டோபரில் ஒரு மாட்டுப்பண்ணையில் இறங்க வந்தபோது, மரநிழலில் மறைந்திருந்த ஒற்றைக் கம்பி கடைசி நேரத்தில் கண்ணில் பட்டது. கை தானாக பர்னருக்குப் போகும், மேலே ஏறித் தப்பிக்கலாம் என்று. பலூன் உடனே ஏறாது, பல நொடி ஆகும். பாடத்தில் சொன்னபடி சிவப்புக் கயிற்றை இழுத்துக் கம்பிக்கு இந்தப் பக்கமே, சேற்றில், தொப்பென்று விழுந்தேன். கணுக்கால் சுளுக்கு ஒரு மாதம். பண்ணைக்காரர் மாடுகள் மிரண்டதற்குத் திட்டிவிட்டு, காப்பி கொடுத்தார்.

இந்த உறை இன்னும் இரண்டு சீசன் தாங்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பறப்பின் வீடியோவையும் ஈரோட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது கட்டளை. அம்மா மலையையும் ஆற்றையும் பார்ப்பதில்லை, தையலைத்தான் பார்ப்பார். போன வாரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சிவப்புச் சுளையிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது சுளை இழுக்கிறது என்றார். கேரேஜில் விரித்துப் பார்த்தேன். நாடா இரண்டு குறிக்கு நடுவே தையல் விட்டிருந்தது.