கட்டம் போட்ட தாளா, தெர்மாகோல் பாறையா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசைமேல் குட்டிப் பொம்மைகளை நகர்த்திக் கதையாக ஆடும் ஆட்டம். அதன் களத்தைத் தாளில் வரைவதா, தெர்மாகோலில் செய்வதா என்பதுதான் கேள்வி. இந்த ஆட்டத்தில் 1 அங்குலக் கட்டம் என்றால் கதையில் 5 அடி தூரம். அந்தக் கணக்குக்கு சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலே போதும். சுருட்டிக்கொண்டு ராயபுரத்திலிருந்து பெரம்பூருக்கு பஸ்ஸில் போய்விடலாம். ஆட்டக்காரர்கள் எதிர்பாராத பக்கம் திரும்பினாலும் பென்சிலால் உடனே ஓர் அறை வரையலாம்.

ஆனால் உயரம்? அங்கேதான் தெர்மாகோல் ஜெயிக்கிறது. 1 அங்குலத் தகடு இரண்டை ஒட்டினால் 10 அடிப் பாறை தயார். வில்லாளி பொம்மையை மேலே நிறுத்திய பிறகு யார் கண்ணுக்கு யார் தெரிவார்கள் என்ற வாக்குவாதம் பெரும்பாலும் எழாது. குனிந்து பொம்மையின் கண்மட்டத்தில் பார்த்தால் போதும். ஓரத்தைக் கையால் பிய்த்து விடுங்கள், கத்தியால் வெட்டியதைவிட இயல்பாக இருக்கும். ஸ்ப்ரே பெயின்ட்டை மட்டும் நேரடியாக அடிக்காதீர்கள், தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். முதலில் ஃபெவிகால் கலந்த அக்ரிலிக் பெயின்ட் ஒரு கோட், அது நன்றாகக் காயட்டும், அப்புறம் மற்ற நிறங்கள். நிறத்துக்குக் காசிமேட்டில் கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களைப் போய்ப் பாருங்கள்: நனைந்த இடம் கருப்பு, காய்ந்த இடம் வெளிறிய சாம்பல்.

வீட்டில் அடுக்கி வைக்க இடமில்லையா, சரி, தாளே போதும். என் கட்சி இதுதான்: பெரிய சண்டை நடக்கும் ஒரே இடத்துக்குத் தெர்மாகோல், சந்தை, சத்திரம், காட்டுவழி எல்லாம் தாளிலேயே ஓடட்டும்.