மன்னார்குடியா, வலங்கைமானா: இரண்டு பழைய வேட்டைத் துப்பாக்கிகள்

சித்தப்பா மகன் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வாங்க நினைக்கிறான். விலைக்கு வந்திருப்பது இரண்டு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அவன் லைசென்ஸில் ஏற்கெனவே ஒன்று இருப்பதால், இனி ஒன்றைத்தான் வாங்கலாம். ஒன்று மன்னார்குடியில் இருக்கிறது, மற்றது வலங்கைமான் பக்கம் ஒரு மிராசு வீட்டில். இரண்டுமே இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்தவை, ‘12 போர்’ (bore) என்ற குழல் அளவு. வேட்டைக்கு அனுமதி இருந்த காலத்தில் நெல்வயலில் உள்ளான் குருவி சுட்டவை. எதில் தொழிற்சாலைப் பாகங்கள் மாறாமல் இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னான். இரண்டு வீட்டிலும் உரிமையாளர் முன்னால், தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு கழற்றிப் பார்த்தேன்.

மன்னார்குடித் துப்பாக்கியில் முகம் பார்க்கலாம், அவ்வளவு கருப்புப் பளபளப்பு. எனக்கு அங்கேயே உறுத்தியது. அந்தக் காலத்தில் குழலை மெல்லத் துருப்பிடிக்க வைத்து, வெந்நீரில் கொதிக்கவிட்டு, தேய்த்துத் தேய்த்துத்தான் நிறம் ஏற்றுவார்கள். அந்தக் கருமை இப்படி மின்னாது. இது பிற்பாடு சூடான உப்புக் கரைசலில் முக்கி எடுத்த வேலை. இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் சேர்த்துப் பிடிப்பது ஈயப்பற்று. அதை அந்தக் கரைசல் அரித்துவிடும். பார்க்க அழகு, உள்ளே பட்டை கழன்றிருக்கலாம்.

அப்புறம் குழல்வாய். குழலின் நீளம் 26 அங்குலம். தொழிற்சாலையிலேயே 25 அங்குலத்தில் செய்ததும் உண்டு, அதனால் அளவை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் இரட்டைக்குழல்கள் முன்னே போகப் போக நெருங்கி, வாயில் ஒட்டி நிற்கும். இதில் நடுவே ஒரு ரூபாய் நாணயக் கனத்துக்கு இடைவெளி, அதில் ஈயம் அடைத்திருக்கிறது. யாரோ அறுத்திருக்கிறார்கள். அறுத்தால் வாயின் குறுக்கமும் போய்விடும், ரவை (தோட்டாவில் உள்ள சின்னக் குண்டுகள்) அகலமாகச் சிதறும். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையின் இரும்பில் உள்ள எண்ணும் குழலின் எண்ணோடு சேரவில்லை.

வலங்கைமான் துப்பாக்கி பார்வைக்கு ஏழை. குழல் அங்கங்கே பழுப்பேறியிருக்கிறது. குழல், அடிப்பாகம், முன்கட்டை இரும்பு மூன்றிலும் ஒரே எண். திருகாணிகளின் வெட்டு குழல் நீளவாக்கில் ஒரே நேராக நிற்கிறது, ஒன்றுகூடப் பிய்ந்திருக்கவில்லை. கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் விரலால் தடவினால் தட்டாது. மரத்தை இழைத்திருந்தால் இரும்பு மேலே துருத்தியிருக்கும். அங்கே மரம் கறுத்திருப்பது பல வருஷ எண்ணெய் இறங்கியதால். கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற பர்மிங்காம் சோதனை முத்திரைகள் கூர்மையாகத் தெரிகின்றன. அந்த வடிவம் 1904-இல் வந்தது. கட்டையின் பின்னால் ரப்பர் மெத்தை மட்டும் பிற்காலத்தது.

மன்னார்குடிக்காரர்தான் கூடுதல் விலை கேட்கிறார். நான் வலங்கைமானைத்தான் எடுக்கச் சொன்னேன். சுடுவதற்கு முன் குழலின் கனத்தைத் துப்பாக்கி மெக்கானிக் அளந்து பார்க்க வேண்டும். தோட்டா அறையையும் பார்க்க வேண்டும்: அந்தக் காலத்தில் அதன் நீளம் பெரும்பாலும் 2½ அங்குலம், இன்று கடையில் கிடைக்கும் தோட்டா 2¾ அங்குல அறைக்கானது. பாலிஷ் போடக் கொடுக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எண்ணெய்த் துணியால் துடைத்து, குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் எண்ணெய் மேற்கொண்டு மரத்தில் இறங்காது.