சூரியக் காந்தப்படத் தரவுச் சேவை: ஒரு மதிப்பீடு

சேலத்தில் முதுகலை இயற்பியல் மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டுபவன் என்ற முறையில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கட்டணமின்றி வழங்கும் சூரியக் காந்தப்படத் தரவுச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். காந்தப்படம் என்பது சூரியனின் மேற்பரப்பில் எங்கே எவ்வளவு காந்தப்புலம் இருக்கிறது என்று காட்டும் படம். மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்தால் போதும். ஐப்பசி மழையில் ஏற்காட்டு மலையே கண்ணுக்குத் தெரியாத நாளிலும் சூரியனின் காந்தப்படம் கைக்கு வந்துவிடும்.

இதன் பெரும் பயன், இரண்டு தலைமுறைக் கருவிகளின் தரவு ஓரிடத்தில் கிடைப்பதுதான். 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் எம்டிஐ கருவி, நிக்கலின் 676.8 நானோமீட்டர் நிறமாலைக் கோட்டைக் கொண்டு அளந்தது. 2010 பிப்ரவரியில் ஏவப்பட்ட எஸ்டிஓ விண்கலத்தின் எச்எம்ஐ கருவி, இரும்பின் 617.3 நானோமீட்டர் கோட்டைப் பயன்படுத்துகிறது. இரண்டுக்கும் அடிப்படை, காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிளவுபடும் சீமன் விளைவே. ஆனாலும் ஒன்றின் எண்களை மற்றொன்றின் எண்களோடு அப்படியே ஒட்டவைக்கக் கூடாது.

முழு வட்டப் படத்தில் எம்டிஐயின் ஒரு பிக்சல் சூரியனில் 1,400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தைக் காட்டுகிறது. எச்எம்ஐயில் அது சுமார் 360 கிலோமீட்டர்தான். அதாவது, ஒரு பழைய பிக்சலுக்குள் ஏறக்குறைய 16 புதிய பிக்சல்கள் அடங்கும். அவற்றில் நேர், எதிர் காந்த முனைகள் அருகருகே இருந்தால், பழைய படத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அப்படியானால் எம்டிஐதானே குறைத்துக் காட்ட வேண்டும் என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. நடப்பது நேர்மாறு: எச்எம்ஐ படத்தை எம்டிஐயின் அளவுக்குச் சுருக்கி ஒப்பிட்ட பிறகும், எம்டிஐ மதிப்புகள் சுமார் 1.4 மடங்கு அதிகமாகவே இருக்கின்றன என்று 2012-இல் வெளியான ஒப்பீடு காட்டியது. எனவே வேறுபாட்டைப் பிக்சல் அளவின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

அந்த ஒரே எண்ணால் வகுத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் வழியில்லை. பெரிய கரும்புள்ளியின் கரு நிழல் பகுதியை, அதாவது அதன் மிக இருண்ட நடுப்பகுதியை, எம்டிஐ படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால், புலம் உச்சத்தில் இருக்க வேண்டிய இடத்தில் மதிப்பு திடீரெனக் குழிந்திருப்பதைக் காணலாம்; அது ஓரளவுக்கு மேல் வலுவான புலத்தைச் சரியாக அளக்க முடியாத கருவியின் செறிவுநிலைக் குறைபாடே தவிர சூரியனின் இயல்பன்று. எச்எம்ஐக்கும் தன் குறை உண்டு: எஸ்டிஓ பூமியைச் சுற்றுவதால் சூரியனை நோக்கிய அதன் வேகம் நாள்தோறும் ஏறி இறங்குகிறது, அந்த 24 மணி நேர அலைவு காந்தப்புல மதிப்பிலும் படிந்துவிடுகிறது. ஓரிரு நாள் தரவை மட்டும் வரைபடமாக்கி, கரும்புள்ளி துடிக்கிறது என்று எழுதிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஒரு கரும்புள்ளியை நுணுகிப் பார்ப்பவர்களுக்கு எச்எம்ஐயையே தயங்காமல் பரிந்துரைப்பேன். கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் சூரியச் சுழற்சிகளில், 1996 முதல் 2008 வரையிலான 23-ஆம் சுழற்சியைத் தொட வேண்டியவர்களுக்கு எம்டிஐ தவிர்க்க முடியாதது. அவர்கள் இரு கருவிகளும் சேர்ந்து இயங்கிய 2010 மே முதல் 2011 ஏப்ரல் வரையிலான தரவை எடுத்து, தாங்கள் ஆராயும் பகுதிக்கு உரிய விகிதத்தைத் தாங்களே கணக்கிடுவது நல்லது. எச்எம்ஐயில் 45 விநாடிக்கு ஒரு படம் தரும் தரவைவிட, 720 விநாடிக்கு ஒரு படம் தரும் தரவில் இரைச்சல் குறைவு. பதிவிறக்க வேண்டிய கோப்புகளும் மிகக் குறைவு.